உறவினர் எவருமில்லை

"அண்ணனைப் பார்த்தாளா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்" என்று வாரம் முழுக்கக் கடிதங்கள். சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். தொடரின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு வருகிறேன்.

நம் சின்னவள் கணக்கியலும் நிதியும் சேர்ந்த பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு. கடைசி ஆறு மாதம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தால்தான் பட்டம் கைக்கு வரும். இதே படிப்பை இதே கல்லூரியில் அவளுக்கு முன்னால் படித்தவன் அவள் அண்ணன், வீட்டில் பெரியவன். கடைசி வருஷத்துக்குப் போகும்போது ஒரு பேப்பரில் தோற்றான். தோற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவன் மாதிரியே கிளம்பி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

அப்பா பஸ் ஓட்டுநர். குடும்பத்துக்கு இலவச பாஸ் உண்டு. "உன் மகன் என் பஸ்லயே குடியிருக்கானே, வாடகை எப்ப தருவே?" என்று இன்னொரு ஓட்டுநர் டெப்போவில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டபோதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலம் பெரியவன் வந்தபோது அவன் துணிப்பை வாசலுக்கு வெளியே இருந்தது. அதோடு சரி. மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவன் பேச்சே கிடையாது.

போன வாரம், பயிற்சி அலுவலகத்தில் ஒரு குளியலறைச் சாமான் கம்பெனியின் ஃபைலைப் புரட்டும்போது, குடோன் ஸ்டோர் கீப்பர் என்ற இடத்தில் அண்ணன் பெயரைப் பார்த்தாள். வருஷக் கடைசிச் சரக்கு எண்ணிக்கைக்கு அங்கே நானே போகிறேன் என்று கேட்டு வாங்கினாள். போகிறவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: "மேற்படி நிறுவனத்தில் எனக்கு உறவினர் எவருமில்லை." சொந்தக்காரர் கணக்கைச் சொந்தக்காரர் சரிபார்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அந்தத் தணிக்கைப் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவள்தான் அவள். வாங்கி என்ன, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஏன் போட்டாள்? படித்தவள் செய்யும் காரியமா இது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த விடுதி அறையில் அவளோடு ஒரு சாயங்காலம் இருந்து பாருங்கள்.

அறைத் தோழி ஒருத்தி. காதில் எப்போதும் ஏதோ பாட்டு, பேச்சு கிடையாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய பெரிய அலுவலகங்களுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "இன்னைக்கு என்ன படிச்சே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லை. அம்மாவுக்கு டெபிட் என்றால் ஏதோ கெட்டது, கிரெடிட் என்றால் ஏதோ நல்லது. அப்பாவுக்கு இந்தப் படிப்பின் பெயரே ஆகாது. அது புரிகிற ஒரே ஆள் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டான்.

அவள் படிப்பது அவன் விட்டுப்போன புத்தகங்களைத்தான். ஓரமெல்லாம் பென்சிலில் அவன் கையெழுத்து: "இங்கே எல்லாரும் தப்பு பண்ணுவாங்க, நீ பண்ணாதே." யாருக்கு எழுதினானோ, அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் அந்தக் குறிப்புகளோடு பேசிக்கொண்டே படித்தாள். மூன்றாம் வருஷப் புத்தகத்தில் பாதியில் பென்சில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பக்கங்கள் சுத்தமாக, கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. அந்தச் சுத்தமான பக்கங்களுக்கு வந்த நாளிலிருந்துதான் அவளுக்கு அப்படி ஒரு தனிமை. கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே அழுதிருக்கிறாள், விடை சரியாக வந்த கணக்குக்குக்கூட.

சரி, இனி குடோன்.

*

சீனியரோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். சீனியர் நல்ல மனுஷர்தான். ஆனால் பேச்சில் பாதி "எவிடன்ஸ்" என்ற சொல்தான். டீ நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்கும் எவிடன்ஸ் கேட்பார் என்று அலுவலகத்தில் கேலி.

"இங்க பாரும்மா. எண்ணிக்கை சொல்றது அவங்க ஆளு. எழுதுறது நீ. அவங்க ரெஜிஸ்டர்ல என்ன இருக்குன்னு நீ பாக்கவே கூடாது. நீ எண்ணினதையும் அதையும் நான் ஒப்பிட்டுக்கிறேன். சந்தேகமா இருந்தா பெட்டியைப் பிரிச்சுப் பாரு. அவரு வேணாம்னு சொன்னா கண்டிப்பாப் பிரிச்சுப் பாரு."

"சரி சார்."

"முகமே சரியில்லையே? காலைல சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன் சார்." சாப்பிடவில்லை. அம்மா போனில் இதையே கேட்டபோதும் இதே பொய்தான் சொன்னாள்.

இரும்புக் கதவு சத்தத்தோடு ஒதுங்கியது. உள்ளே கூரை வரைக்கும் அடுக்குகள். கம்மோடுகள், வாஷ்பேசின்கள், குழாய்கள், பெட்டி பெட்டியாகக் குழாய் வளைவில் மாட்டும் பிளாஸ்டிக் முழங்கைகள். நடுவில் நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, மூக்கில் புதுக் கண்ணாடி. மெலிந்திருந்தான். முன்நெற்றியில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது.

அவளைப் பார்த்தான். பார்த்த பார்வை அவள் மேல் நிற்கவில்லை. நேராக சீனியர் மேல் போய் நின்றது.

"வாங்க சார். வாங்க மேடம்."

மேடமாம். மூன்று வருஷம் காத்திருந்து இந்த ஒரு சொல்லைக் கேட்க வந்தாளா? ஆனால் அவள் மட்டும் என்ன சொன்னாள்?

"வணக்கம் சார்."

சீனியர் முன்பக்கத்துக் கண்ணாடி அறையில் வாங்கல் பில்களோடு உட்கார்ந்துவிட்டார். இருவரும் முதல் வரிசைக்கு நடந்தார்கள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், மேலடுக்குப் பெட்டிகளை இறக்கித் தருவதற்காக.

"மேடம், புதுசா? போன வருஷம் வந்தவரு கம்மோடு மேலேயே உக்காந்து எழுதினாரு," என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

"அண்ணே, மூணாவது வரிசையை இறக்குங்க," என்றான் பெரியவன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

"எல்போ, இருபத்தஞ்சு எம்.எம். பெட்டிக்கு நூறு. பதினெட்டுப் பெட்டி."

"பதினெட்டு."

"ஒண்ணு பிரிச்சுப் பாக்குறீங்களா மேடம்?"

"பாக்கணும் சார்."

பிரித்தான். எண்ணினார்கள். ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணுவது அவன் வழக்கம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். இரண்டு கைகளும் ஒரே வேகத்தில் போயின. ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் நிமிரவில்லை.

அடுத்த வரிசையில் யாரும் இல்லை.

"அண்ணா."

"வாஷ்பேசின், ஓவல், பெரிசு. முப்பத்திரெண்டு."

"அம்மாவுக்கு முட்டி வலி ரொம்ப."

"முப்பத்திரெண்டு. எழுதுங்க மேடம்."

எழுதினாள்.

"மாடி ஏற முடியலை. கீழ் வீட்டுக்கு மாறிட்டோம்."

அடுத்த பலகையில் வைத்த கை நின்றது. "எந்த வீடு?"

"அதே தெருதான். மூலை வீடு. தண்ணித் தொட்டி இருக்குமே."

"ஓவல், சின்னது. இருபது."

இப்படியே போனது. அவள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்வாள், அவன் எண்ணிக்கை ஒன்று சொல்வான். அப்பா அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார். கை கழுவும் குழாய், நாற்பத்தெட்டு. அம்மா இன்னும் அவன் போர்வையை மடித்துத்தான் வைத்திருக்கிறாள். ஷவர், வட்டம், பதினொன்று. கிணற்றில் போட்ட கல்லாக எல்லாம் உள்ளே போனதே தவிர, மேலே ஒரு சத்தம் வரவில்லை.

கடைசியில் சலித்துப்போய்ப் படிப்புக்கு வந்தாள்.

"டெஃபர்டு டாக்ஸ் மட்டும் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

அவன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். மேலே பார்த்தபடியே பேசினான்.

"எதனால புரியலை? கம்பெனி தன் கணக்குல மெஷினோட தேய்மானத்தை ஒரு வேகத்துல எழுதுது. வரிக்காரன் கணக்குல வேற வேகம். அதனால இந்த வருஷம் வரி கம்மியா வருது. வந்ததும் எல்லாரும் மிச்சம்னு சந்தோஷப்படுவாங்க. மிச்சம் இல்ல அது. தள்ளிப் போயிருக்கு. ஒரு நாள் வந்தே தீரும். வரப்போறதை இன்னைக்கே ஒத்துக்கிட்டு எழுதி வைக்கிறோம், அவ்ளோதான்."

"இதைக் காலேஜ்ல ஏன் இப்படிச் சொல்லித் தர மாட்டேங்குறாங்க?" என்று சின்னப் பெண் மாதிரி கேட்டுவிட்டாள்.

"சொல்லுவாங்க. நீ கவனிச்சிருக்க மாட்டே."

நீ என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

அவளுக்கு வேறொன்று உறைத்தது. டெஃபர்டு டாக்ஸ் வருவது அந்தப் புத்தகத்தில் பென்சில் நின்றுபோனதற்குப் பிறகு. கல்லூரியில் இருந்தவரை அவன் அந்தப் பாடத்துக்கு வரவே இல்லை. அப்படியானால் அதற்கப்புறமும் படித்திருக்கிறான். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, கேட்பாரும் கிடையாது. இங்கே ஏதோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறான்.

*

மதியம் ஃபோர்க்லிஃப்ட்காரர் சாப்பிடப் போனார். சீனியர் கண்ணாடி அறையில் டப்பாவைத் திறந்தார். சின்னவள் பின்பக்கத்துச் சிமெண்ட் படிக்கட்டில் வாங்கி வந்த பன்னோடு உட்கார்ந்தாள். பெரியவன் வந்து நின்றான். உட்காரவில்லை.

"எதுக்கு வந்தே?"

"உன்னைப் பாக்கத்தான்."

"பாக்க வர்றவ கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட வேண்டியதுதானே. எண்ண எதுக்கு வந்தே?"

"வெளிய நின்னு கூப்பிட்டா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

"உறவு யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கியா?"

"ம்."

"படிச்சவதானே நீ?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. "எனக்கு முன்னாடி இங்க இருந்தவன் சரக்கைத் திருடி வித்துட்டு ஓடினான். யாருக்கும் எது எங்க இருக்குன்னு தெரியாது. நான் ஒரு வருஷமா ஒவ்வொரு பெட்டியா எடுத்து, பிரிச்சு, எண்ணி அடுக்கியிருக்கேன். இந்த எண்ணிக்கை சரியா வந்தா என்னை நிரந்தரம் பண்றேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. எண்ணிக்கை சரியா வரும், எனக்குத் தெரியும். ஆனா எண்ணினது யாரு? என் தங்கச்சி. நாளைக்கு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்? அண்ணன் சொன்னான், தங்கச்சி எழுதினாள்னு சொல்லுவான். நான் ஒழுங்கா வேலை பாத்தது யாருக்கும் தெரியாம போயிடும்."

அவள் கையில் பன் அப்படியே இருந்தது. சத்தியமாக இதை அவள் யோசிக்கவில்லை. பொய்யான கையெழுத்தால் தன் பயிற்சி போகும், மிஞ்சினால் ஒரு வருஷம் போகும் என்று மட்டும் நினைத்திருந்தாள். ஆசைப்பட்டுத் தேடி வந்து, அண்ணன் கட்டி எழுப்பியதன் அடியிலேயே கை வைத்திருக்கிறாள்.

"நான் இப்பவே சார்கிட்ட சொல்லிடறேன். வேற ஆளை வெச்சு மறுபடி எண்ணட்டும். எப்படியும் சரியாத்தானே வரும்?"

"மறுபடி எண்ணினா, ஏன் மறுபடி எண்ணினாங்கன்னு கேள்வி வரும். வாயை மூடிட்டு இரு. முடிச்சுட்டுப் போ. அப்புறம் இந்தப் பக்கம் வராதே."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் அந்தப் படிக்கட்டிலேயே இருந்தாள். வராதே என்று மூன்று வருஷம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். அதைக் கேட்கவும் அவளே கிளம்பி வர வேண்டியிருந்தது.

*

நாலு மணிக்குள் எண்ணி முடித்தார்கள். சீனியர் அவள் தாள்களையும் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பேனாவால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ஒரு குழாய்கூட வித்தியாசம் இல்லையேம்மா. நான் பாத்ததே இல்ல இப்படி. இவ்ளோ சரியா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பயம் என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. இன்று விளையாட்டாகச் சொன்னதை நாளை உண்மை தெரிந்தபின் வேறு குரலில் சொல்வார். இன்றே சொன்னால் பழி தன்னோடு போகும். மறைத்தால் அது அண்ணன் தலையில் விடியும். அண்ணன் வாயை மூடு என்றான். படித்த படிப்பு திற என்றது. இரண்டில் எது பாசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"சார், அந்த ஸ்டோர் கீப்பர் என் கூடப் பிறந்த அண்ணன்."

சீனியர் பேனாவை வைத்தார்.

"உறவு இல்லைன்னு நான் எழுதிக் குடுத்தது பொய். தப்பு என்னோடதுதான். நான் வரப்போறது அவருக்குத் தெரியாது. என் எண்ணிக்கையைத் தள்ளிட்டு நீங்களே எண்ணிப் பாருங்க சார். சரியா இருக்கும்."

சீனியர் எழுந்து கதவைத் திறந்து பெரியவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம். இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

பெரியவன் அவளைப் பார்த்தான். காலையிலிருந்து முதன்முறையாக நேராகப் பார்த்தான்.

"ஆடிட் ஆபீஸ் மேடம் சார்."

"உங்க தங்கச்சின்னு சொல்றாங்க."

"எனக்குத் தங்கச்சி இல்ல சார்."

"இனிஷியல் ஒண்ணா இருக்கே?"

"அந்த இனிஷியல் பாதிப் பேருக்கு இருக்கும் சார்."

அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னானா, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறானா? அவன் முகத்தைப் பார்த்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் அவன் இருமினாலே எதற்கு என்று சொல்லிவிடுவாள்.

சீனியர் பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேரும் சம்பந்தப்பட்டவங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்றது எவிடன்ஸ் ஆகாது. வெளியாள் ஒருத்தர் சொல்லணும்." போனை எடுத்தார். "உன் விண்ணப்பத்துல அப்பா நம்பர் இருக்கு."

பெற்ற அப்பா எப்படி ஐயா வெளியாள் ஆவார் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சீனியருக்கு விழவில்லையே.

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார். மணி போனது. பெரியவன் அசையாமல் நின்றான். அந்தக் குரலை அவன் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

"யாரு?" பின்னால் பஸ் இன்ஜின் சத்தம்.

"வணக்கம். ஆடிட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், உங்க பொண்ணு பயிற்சி எடுக்குற இடம். ஒண்ணும் பயப்படாதீங்க, நல்லா இருக்காங்க. ஒரு விவரம் சரிபாக்கணும். உங்க பொண்ணுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அண்ணன், தம்பி?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ டிக்கெட் கேட்கும் சத்தம், காசு சிந்தும் சத்தம். சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, இருக்கான்னு சொல்லுங்கப்பா. இந்த ஒரு தடவை சொல்லுங்க.

"இல்ல," என்றார் அப்பா. "ஒரே பொண்ணுதான்."

போன் அணைந்தது.

பெரியவன் மேசை மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை இல்லை என்று சற்று முன்தான் அவனும் சொன்னான். ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்து வருவதைச் சின்னவள் பார்த்தாள், சீனியர் பார்க்கவில்லை.

"நான் எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான்.

"இதோ, இங்கயும், பின்பக்கத்துலயும்." சீனியர் தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். குரலில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "என்னம்மா இது? பரீட்சை பயமா? தனியா விடுதில இருக்கே, தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல. எனக்கும் அந்த வயசுல இப்படி ஏதேதோ தோணியிருக்கு. நான் இதை ரிப்போர்ட்ல போடலை. போ, வெளிய போய்க் காத்து வாங்கு. எனக்கு இந்த பில்களைச் சரிபாக்க ஆறரை ஆயிடும்."

எல்லாம் கச்சிதமாகத் தாளுக்குள் அடங்கிவிட்டது. சரக்கு சரி. அண்ணன் வேலை நிரந்தரம். அவள் பயிற்சிக்கும் பங்கமில்லை. அவள் பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட வாக்கியத்தை, அண்ணனும் அப்பாவும் சேர்ந்து மெய்யாக்கிக் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்ன ஒருத்திதான் பைத்தியம்.

கேட்டுக்கு வெளியே சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தாள். எதிரே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அப்பாவோடு சண்டை. அறைத் தோழியிடம் சொன்னால் காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டு, என்ன என்று கேட்டு, மறுபடி மாட்டிக்கொள்வாள். உலகத்தில் இத்தனை பேர் இருந்தும் இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதாள்.

கையில் போன் அதிர்ந்தது. அப்பா.

எடுக்க மனமில்லை. நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"யாரு அந்த ஆளு?" இப்போது இன்ஜின் சத்தம் இல்லை. "எதுக்கு என்னை அப்படிக் கேட்டான்?"

"அண்ணன் இங்கதான்பா வேலை பாக்குது. குடோன்ல. நான் சொன்னேன், அவரு நம்பலை. அதான் உங்களைக் கேட்டாரு."

அவளே தொடர்ந்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தாருப்பா. அண்ணன் பக்கத்துலதான் நின்னுட்டிருந்துச்சு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அப்பா பேசாமல் இருக்கும்போது அவருக்கு மூக்கில் ஒரு சின்ன விசில் வரும். அது வந்து வந்து போனது.

"கேட்டானா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. கையெழுத்துப் போட்டுட்டு நிக்குது."

தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பஸ் நேரம் விசாரிப்பவர் மாதிரி அப்பா கேட்டார்:

"அந்த குடோனை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. சீனியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், பக்கத்தில் நீலச் சட்டை. அப்பா இங்கே வந்து நின்றால், மகனே என்று ஒரு சொல் வாயிலிருந்து வந்தால், எல்லாம் வெளியில் வந்துவிடும். ஆடிட்டரிடம் பொய் சொன்னவன் என்று அண்ணன் வேலையே போகலாம். எட்டு மணி என்று சொல்லிவிட்டால் போதும், சீனியர் அதற்குள் போய்விடுவார். ஆனால் அண்ணனும் அதற்குள் போய்விடுவான். அவன் எங்கே தங்கியிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு இந்தத் துணிச்சல் இன்னொரு நாள் வருமா?

"ஆறு மணிக்குப்பா," என்றாள். "சீக்கிரம் வாங்க."